புளியங்குளத்திலிருந்து சூரிச் எவ்வளவு தூரம்?

ஏ9 வீதியில் வவுனியாவை விட்டு வடக்கே வந்தால், ஓமந்தைக்கு அப்பால் வருவது புளியங்குளம் சந்தி. வலப்பக்கம் திரும்பும் வீதி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகிறது. நேரே போனால் மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு. ஒரு ரயில் நிலையம், கொஞ்சம் கடைகள், சுற்றிலும் வயலும் காடும். இங்கிருந்து விமானம் ஏறவேண்டுமானால் ஒன்றில் வடக்கே பலாலிக்குப் போகவேண்டும். இல்லையேல் தெற்கே கட்டுநாயக்கவுக்கு இரவிரவாக பஸ்ஸில் இருக்கவேண்டும். வரைபடத்தை மட்டும் பார்ப்பவர், விமானத்துக்கும் இந்த ஊருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்றுதான் நினைப்பார்.

சந்தியில் நின்று நாலு வீட்டாரைக் கேட்டால் கணக்கு மாறிவிடும். ஒரு வீட்டில் மகன் பாரிஸில். இன்னொரு வீட்டில் தங்கச்சி குடும்பத்தோடு ரொறன்ரோவில். மூன்றாவது வீட்டில் மருமகன் சுவிஸில், பேரப்பிள்ளையைப் பார்க்கத் தாய் தகப்பன் போய் வந்திருக்கிறார்கள். நாலாவது வீட்டுப் பிள்ளை கட்டாரிலோ குவைத்திலோ வேலை செய்கிறது. காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கிராமத்துக்கு வருசக்கணக்காகப் போகாதவர்கள், சூரிச்சிலிருந்து வந்தவரோடு சென்ற மாதம் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தொற்றுநோய்க் கிருமியின் பக்கமிருந்து பார்த்தால் எது பக்கத்து ஊர்?

வன்னிக்காரருக்கு இதை விளக்கக் குளம் போதும். குளக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மேட்டு நிலம் காய்ந்து கிடக்கும். மூன்று மைல் தள்ளியிருக்கும் கடைசி வயலோ வாய்க்கால் வழியே நனைந்துவிடும். நீர் மைலைப் பார்ப்பதில்லை, வாய்க்காலைத்தான் பார்க்கிறது. எந்த வாய்க்காலில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதுதான் அதற்கு ‘தூரம்’.

2013இல் டிர்க் புரொக்மன், டிர்க் ஹெல்பிங் என்ற இரு ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். ஓர் இடத்திலிருந்து புறப்படும் பயணிகளில் எத்தனை பங்கு இன்னோர் இடத்துக்குப் போகிறது என்று பாருங்கள். பங்கு கூடினால் அந்த இரண்டு இடங்களும் கிட்ட, குறைந்தால் எட்ட. இதற்கு அவர்கள் வைத்த பெயரைப் ‘பயன்தரு தூரம்’ என்று சொல்லலாம். 2003இன் சார்ஸ், 2009இன் எச்1என்1 காய்ச்சல் ஆகியவை ஒவ்வொரு நாட்டுக்கும் போய்ச் சேர்ந்த நாளை எடுத்தார்கள். அவற்றைக் கிலோமீற்றர் தூரத்துக்கு எதிரே குறித்தபோது புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. பயன்தரு தூரத்துக்கு எதிரே குறித்தபோது அதே புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் வந்து நின்றன. நோய் கண்டபடி பாய்வதுபோல நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் நாம் பிழையான வரைபடத்தைக் கையில் வைத்திருப்பதுதான்.

2020 ஜனவரியில் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டது. கனடிய மருத்துவர்கள் ஐசாக் போகோக், கம்ரான் கான் ஆகியோர் தங்கள் குழுவோடு சேர்ந்து, வூஹானிலிருந்து எந்த நகரங்களுக்கு எத்தனை பேர் பறக்கிறார்கள் என்ற பதிவுகளை வைத்து ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியலின் தலையில் பாங்கொக் இருந்தது. சீனாவுக்கு வெளியே முதல் கொரோனாத் தொற்று உறுதியானது தாய்லாந்தில், ஜனவரி 13ஆம் தேதி. இதற்கு மறுபக்கமாக மொங்கோலியாவைப் பாருங்கள். சீனாவோடு நீண்ட எல்லை கொண்ட நாடு அது. எல்லையை நேரகாலத்தோடு மூடியது. அங்கே முதல் தொற்று மார்ச் மாதம்தான் பதிவானது. அதுவும் சீன எல்லையால் வரவில்லை; மொஸ்கோவிலிருந்து வந்த விமானத்தில் இறங்கிய ஒரு பிரெஞ்சுக்காரரோடு வந்தது.

எங்கள் பக்கத்துக் கதையும் அந்த மார்ச்சில்தான். இலங்கையில் முதல் நோயாளி ஜனவரி 27ஆம் தேதி கண்டறியப்பட்ட ஒரு சீனச் சுற்றுலாப் பயணி. அவர் குணமாகித் திரும்பிவிட்டார். பெப்ரவரி முதலாம் தேதி வூஹானிலிருந்து 33 மாணவர்களை ஶ்ரீலங்கன் விமானம் மத்தளைக்கு ஏற்றி வந்தது. அவர்களைத் தியத்தலாவையில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். சீனாவைப் பார்த்த வாசலுக்கு அவ்வளவு கவனம் இருந்தது. மார்ச் 10 அளவில் தென்கொரியா, இத்தாலி, ஈரான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வருபவர்களைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தத் தொடங்கினார்கள். சுவிற்சர்லாந்து அந்தப் பட்டியலில் இல்லை. இத்தாலியின் லொம்பார்டி மாநிலத்தை ஒட்டியிருக்கும் நாடு அது. எல்லை தாண்டித் தினமும் வேலைக்குப் போய் வருபவர்கள் அங்கே பல்லாயிரம் பேர். அந்த நாட்களில் சுவிஸிலிருந்து வந்த ஒரு மதபோதகர் யாழ்ப்பாணம் அரியாலையில் ஆராதனை நடத்தினார். திரும்பிப் போனபின்தான் அவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. மார்ச் 22ஆம் தேதி யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளி அடையாளம் காணப்பட்டார். ஆராதனையோடு தொடர்புபட்டவர்கள் பலாலியில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் பலருக்கும் தொற்று உறுதியானது.

அந்தப் போதகரை அன்று ஊரே திட்டியது. அது அநியாயம் என்பது என் எண்ணம். பட்டியல் நாடுகளின் பெயரால் போடப்பட்டது. கிருமி பயணிகளின் ஓட்டத்தால் வந்தது. வடமாகாணத்துக்குத் தென்கொரியாவைவிடச் சுவிஸ் எத்தனையோ மடங்கு கிட்ட. இதைச் சொல்லப் பெரிய கணிதம் வேண்டாம். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருக்கும் எந்த ஒரு பயண முகவரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நாட்டுக்கு ஒரே பட்டியல் என்று கொழும்பில் போட்டபோது, இங்கே இருந்த வாய்க்கால் யார் கண்ணிலும் படவில்லை.

இனி விமானத்துக்குள் ஏறுவோம்.

மூடிய குழாய் ஒன்றுக்குள் இருநூறு முந்நூறு பேர், முழங்கை முட்ட, மணிக்கணக்காக ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு இருக்கிறார்கள். விமானத்தைப்பற்றி நம் மனதில் இருக்கும் படம் இதுதான். இதில் ‘ஒரே காற்று’ என்பது பிழை. பறக்கும் விமானத்தின் காற்று, நாம் இருக்கும் எந்த அறையின் காற்றைவிடவும் வேகமாக மாறுகிறது. 35,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 50 பாகைக்கும் கீழான குளிர், காற்றும் ஐதானது. பெரும்பாலான விமானங்களில் இயந்திரத்தின் அமுக்கிப் பகுதியிலிருந்து இந்தக் காற்றில் ஒரு பங்கைப் பிரித்தெடுக்கிறார்கள். அமுக்கப்பட்டபோது அது கொதிநிலையையும் தாண்டிச் சூடேறியிருக்கும். அதைக் குளிர்வித்து, ஏற்கெனவே உள்ளே இருந்து வடிகட்டிய காற்றோடு ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்து உள்ளே விடுகிறார்கள். மணிக்கு 20 முதல் 30 தடவை உட்காற்று முழுவதும் மாறுகிறது. வைத்தியசாலைகளில் காற்றால் பரவும் நோயாளிகளை வைக்கும் தனியறைக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது மணிக்கு 12 தடவை.

அடுத்த முறை பெரிய விமானம் ஒன்றில் யன்னலோரம் இருக்கக் கிடைத்தால் குனிந்து பாருங்கள். தரையும் சுவரும் சேரும் இடத்தில், பாதத்துக்குப் பக்கத்தில், நீளவாக்கில் ஒரு கிராதி ஓடும். பையை வைத்து நாம் மறைத்துவிடும் இடம் அது. தலைக்கு மேலே இருந்து இறங்கும் காற்று அந்தக் கிராதி வழியாகத்தான் வெளியேறுகிறது. காற்று மேலிருந்து கீழே, அந்தந்த வரிசைக்குள்ளேயே சுழன்று இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். முன்னிருந்து பின்னுக்கு நீளமாக ஓடும் ஓட்டம் குறைவு. பத்தாம் வரிசையில் இருமுபவரின் மூச்சு முப்பதாம் வரிசைக்கு எளிதில் போய்ச் சேராது என்பது இந்த அமைப்பின் நோக்கம்.

கிராதிக்குள் போன காற்றில் ஒரு பங்கு வெளியே தள்ளப்படுகிறது. மீதி ஹெப்பா எனப்படும் வடிகட்டியைக் கடந்து திரும்பி வருகிறது. 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடிக்கும். கொரோனா கிருமியின் விட்டம் ஏறக்குறைய 0.1 மைக்ரோன்தானே, அப்படியானால் அது நழுவிவிடாதா என்ற கேள்வி அந்த நாட்களில் எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. நல்ல கேள்விதான். ஆனால் வடிகட்டி சல்லடைபோல ஓட்டையின் அளவால் மட்டும் வேலை செய்வதில்லை. அது சிக்கலாகப் பின்னிய நுண்ணிழைகளின் காடு. பெரிய துகள் வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய் இழையில் மோதிவிடும். மிகச் சிறிய துகளைக் காற்று மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளுவதால் அது நேராகப் போகாமல் தள்ளாடித் திரியும். தள்ளாடும்போது எங்காவது ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், நேரே போய் மோதும் கனமும் இல்லாமல் தள்ளாடும் சிறுமையும் இல்லாமல் இருப்பது ஏறக்குறைய 0.3 மைக்ரோன் துகள். பிடிக்க மிகவும் கடினமானது அது என்பதால்தான் அதை வைத்துச் சோதிக்கிறார்கள். அதைவிடச் சிறியது இன்னும் நன்றாகவே பிடிபடும். மேலும் கிருமி தனியே பறப்பதில்லை. எச்சில், சளி நீர்த்துளியோடு சேர்ந்துதான் பறக்கும். எல்லாச் சிறு விமானங்களிலும் இந்த வடிகட்டி இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

அப்படியானால் விமானத்துக்குள் யாருக்கும் தொற்றவில்லையா? தொற்றியது. 2020 மார்ச் முதலாம் தேதி லண்டனிலிருந்து ஹனோய்க்குப் போன வியட்நாம் எயார்லைன்ஸ் விமானத்தில் 217 பேர் இருந்தார்கள்; அவர்களில் நாட்டுக்குள் தங்கியவர்களை அந்த நாட்டுச் சுகாதாரப் பகுதியினர் தேடிப் பிடித்தார்கள். 16 பேருக்குத் தொற்று இருந்தது. அதில் 12 பேர், இருமலோடு பயணம் செய்த ஒரு பெண்ணோடு வர்த்தக வகுப்பில் இருந்தவர்கள். அகலமான கதிரை, கூடிய இடைவெளி, கூடிய காசு. அவ்வளவும் இருந்தும் தொற்றியது. பத்து மணித்தியாலப் பயணம். முகக்கவசம் கட்டாயமில்லாத காலம். காற்று இரண்டு மூன்று நிமிடத்தில் மாறினாலும், இருமியவரின் வாய்க்கும் அந்தக் கிராதிக்கும் நடுவில் பக்கத்து ஆளின் மூக்கு இருக்கிறது. வடிகட்டி அறையைச் சுத்தம் செய்யும். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையிலுள்ள ஒன்றரை அடியை அதனால் ஒன்றும் செய்யமுடியாது. அந்த ஒன்றரை அடிக்கு முகக்கவசம்தான் வேண்டும். 2003 மார்ச்சில் ஹொங்கொங்கிலிருந்து பெய்ஜிங் போன ஒரு விமானத்தில் 120 பேர். சார்ஸ் நோயோடு ஏறிய ஒருவரிடமிருந்து 22 பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்று பிறகு கண்டார்கள். சிலர் அவருக்கு ஏழு வரிசை முன்னால் இருந்தவர்கள். காற்று எப்போதும் வரைபடத்தில் கீறியபடி நடப்பதில்லை. ஆட்கள் எழும்பி நடக்கிறார்கள், கழிவறை வாசலில் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் படித்தபிறகு எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது வேறு இரண்டு சம்பவங்கள். இரண்டிலும் விமானம் தரையில் நிற்கிறது.

1977இல் அலாஸ்காவில் 54 பேரோடு ஒரு விமானம் புறப்பட முயன்றபோது இயந்திரம் பழுதானது. ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் தரையில் நின்றது. காற்றோட்டம் வேலை செய்யவில்லை. பயணிகளில் பெரும்பாலானோர் உள்ளேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும். மூன்று நாட்களுக்குள் 72 சதவீதமானோர் இன்புளுவென்சாவில் படுத்துவிட்டார்கள். உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார்களோ அவ்வளவுக்கு நோய் கூடியது.

மற்றது 2020 செப்டெம்பர் 29ஆம் தேதி டுபாயில் புறப்பட்டு, கோலாலம்பூரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஒக்லண்ட் போன விமானம். 86 பயணிகள். நியூசிலாந்து எல்லோரையும் 14 நாள் தனிமைப்படுத்திச் சோதித்ததால் முழுக் கதையும் வெளியே வந்தது. ஏழு பேருக்குத் தொற்று. எல்லோரும் கிட்டக்கிட்ட நாலு வரிசைக்குள் இருந்தவர்கள். கிருமிகளின் மரபணு வரிசையை ஒப்பிட்டபோது, குறைந்தது நாலு பேருக்கு விமானத்துக்குள்ளேயே தொற்றியது உறுதியானது. பயண விபரங்களைத் துருவியபோது, கோலாலம்பூரில் நின்ற வேளை காற்றோட்டத்தை இயக்கும் துணை இயந்திரம் ஏறக்குறைய 30 நிமிடம் நிறுத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. தொற்று அந்த அரை மணிக்குள்தான் நடந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் காற்று நின்ற குழாய்க்குள் ஆட்களை வைத்திருக்கக்கூடாது என்ற பாடத்துக்கு அலாஸ்காவும் கோலாலம்பூரும் போதும். எரிபொருளை மிச்சம்பிடிக்க, சத்தத்தைக் குறைக்க, தரையில் இந்தத் துணை இயந்திரத்தை நிறுத்துவது விமானநிலையங்களில் வழக்கம். பயணிகள் ஏறி இறங்கும் நேரமும் அதுதான். பெட்டியை மேலே தூக்கும்போது மூச்சு வாங்குவதும், ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நிற்பதும் அப்போதுதான்.

தொற்றுக்காலத்தில் விமானப் பயணம் என்றால் மேலே பறக்கும் சில மணித்தியாலம் அல்ல. வீட்டு வாசலிலிருந்து மற்ற வீட்டு வாசல்வரை என்று கணக்கெடுக்கவேண்டும். விசா அலுவலக வரிசை, பரிசோதனைக்கூட வரிசை, எயார்போட் வரிசை, பஸ். வான்பகுதி இதில் மற்ற எல்லாவற்றையும்விடக் காற்றோட்டமானது. என் சின்னம்மா ஒருவரின் பயணத்தை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

அவ 2020 தொடக்கத்தில் கண் வைத்தியத்துக்காகச் சென்னைக்குப் போனவ. அப்போது பலாலியிலிருந்து நேரே போகக்கூடியதாக இருந்தது. 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் திறக்கப்பட்டு, நவம்பர் 11 முதல் அலையன்ஸ் எயாரின் ஏ.டி.ஆர் விமானம் சென்னைக்கும் பலாலிக்கும் பறந்துகொண்டிருந்தது. வடக்குக்கு அது பெரிய சந்தோசம். 1947இல் எயார் சிலோனின் முதல் பறப்பே இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான். யுத்தகாலத்தில் அடைபட்டுப்போன அந்த வழி மறுபடி திறந்திருந்தது. ஐந்து மாதம்கூட நிலைக்கவில்லை. மார்ச்சில் எல்லாம் நின்றது. கட்டுநாயக்கவும் மார்ச் 19 அளவில் வருகைக்கு மூடப்பட்டது. கையில் திரும்பும் டிக்கெற் இருந்தது; ஏறுவதற்கு விமானம் இல்லை. விசா முடிந்தது, காசும் முடிந்தது. பதிவு செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து, மீட்பு விமானம் ஒன்றில் கட்டுநாயக்கவுக்கு வந்து சேர்ந்தா.

“பிளேனுக்குள்ள ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கேல்ல. சாப்பாட்டுப் பொதியை முதலே கதிரையில வச்சிருந்தவை. திறந்து சாப்பிடப் பயத்தில கன பேர் அப்பிடியே கொண்டு இறங்கினவை. ஒரு குழந்தைப்பிள்ளை அழுத சத்தம் மட்டுந்தான்,” என்றா. பணிப்பெண்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போட்டிருந்தார்களாம். இறங்கியதும் பெட்டிகள் மேல் மருந்து தெளித்தார்கள். பெட்டியின் மேற்பரப்பால் தொற்றுவது மிக அரிது என்று பிறகு தெரிந்தது. மருந்தடித்த அந்த நேரத்துக்கு பஸ்ஸின் யன்னலைத் திறந்து விட்டிருந்தால் பயன் கூடியிருக்கும். ஏனென்றால் அதற்குப் பிறகுதான் பஸ். கண்ணாடிகள் அடைத்து, ஆட்கள் நிறைந்து, இரவு முழுக்க. சின்னம்மாவின் பயணத்தில் மிகவும் ஆபத்தான பகுதி அந்த பஸ்தான் என்று நான் நினைக்கிறேன்.

பஸ் எங்கே போகிறது என்று யாரும் முதலில் சொல்லவில்லை. வவுனியா தாண்டியதும் அவவுக்கு வீதி விளங்கிவிட்டது. விடியப்புறம் புளியங்குளம் சந்தியில் வலப்பக்கம் திரும்பியது. “எங்கட ஒழுங்கை தெரியுது, கடைப் பலகை தெரியுது. இறங்கேலாது. கையைக் காட்டக்கூட ஒருத்தரும் றோட்டில இல்லை.” முல்லைத்தீவுப் பக்கம் ஒரு படைமுகாமில் தனிமைப்படுத்தல் நிலையம். சொந்த வீட்டைத் தாண்டிப் போய் அங்கே இரண்டு கிழமை இருந்தா.

வன்னியில் ஒரு பயணிகள் விமானநிலையமும் இல்லை. ஆனாலும் நாட்டுக்கு வந்திறங்கியவர்களில் ஒரு பங்கை வன்னியும் ஏற்றுக்கொண்டது. வவுனியாவில் பம்பைமடு, பெரியகாடு, முல்லைத்தீவில் கேப்பாபிலவு, கிளிநொச்சிப் பக்கம் இரணைமடு. படைமுகாம்கள் செறிந்திருக்கும் இடம் என்பதால் இது நடந்தது. சனங்களுக்குப் பயம். பஸ் போகும்போது கடையை அடைத்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் மேலே இன்னொன்று: 2009இல் யுத்தம் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு, படையினர் காவலில் முகாம், வெளியே போகக்கூடாது, எப்போது விடுவார்கள் என்று தெரியாது என்பவை எல்லாம் வெறும் சுகாதார ஏற்பாடாகத் தோன்றுவதில்லை. சின்னம்மாவும் அந்த முகாமில் இருந்தவதான். இது உணர்ச்சிக் கதை மட்டுமல்ல, தொற்றுநோயியலும்தான். தனிமைப்படுத்தல் ஆட்கள் தாமாக வந்து சொன்னால்தான் வேலை செய்யும். பயந்து ஒளிக்கிற ஒருவர், சோதனைக்கு வந்த நூறு பேரின் பயனை அழித்துவிடுவார்.

ஏன் 14 நாள்? கிருமி உடலுக்குள் போனதிலிருந்து நோய்க்குறி தெரிய எடுக்கும் காலத்தை 2020 தொடக்கத்தில் அளந்தார்கள். பாதிப் பேருக்கு ஐந்து நாளுக்குள் தெரிந்துவிடும். குறி காட்டுபவர்களில் 97.5 சதவீதமானோர் பதினொன்றரை நாளுக்குள் காட்டிவிடுவார்கள். 14 நாள் வைத்தால் பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய நூறு பேர்தான் தப்புவார்கள். பயணத்துக்கு முன் ஒரு பீ.சீ.ஆர் எடுத்தால் போதாதா என்று கேட்டவர்கள் பலர். தொற்றி நாலாம் நாள் எடுத்தால் அந்தச் சோதனை நூறு பேரில் 67 பேரைத் தவறவிடும். எட்டாம் நாள்கூட 20 பேர் தப்புவார்கள் என்று ஓர் ஆய்வு கணித்தது. எயார்போட் வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானியின் பயன் இன்னும் குறைவு. போகும் இடத்திலும் வரும் இடத்திலும் பிடித்தாலும், தொற்றோடு பயணிக்கும் நூறு பேரில் 46 பேர் பிடிபடாமல் போவார்கள் என்று லண்டன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நோய் உடலில் வளரும் நாட்களை எந்தக் கருவியாலும் சுருக்க முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். இது பழைய அறிவுதான். தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, வாந்திபேதி இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். அந்த ஏற்பாடு வருவதற்கு முன், மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போன ஆயிரக்கணக்கானோர் அந்த நோயால் வழியோரத்தில் செத்து விழுந்தார்கள்.

எல்லையை மூடுவதால் எவ்வளவு கிடைக்கும்? இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நோய் மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் பயணிகளில் பத்தில் ஒன்பது பேரை நிறுத்திவிட்டால், பத்துப் பேர் கொண்டுவரும் நோயை ஒருவர் கொண்டுவருகிறார். அந்த ஒன்று பத்தாக எடுக்கும் காலம் பத்து நாள். அவ்வளவுதான் இலாபம். நூறில் 99 பேரை நிறுத்தினால் இருபது நாள். ஏறக்குறைய முழுமையாக மூடினால் மட்டுமே மாதக்கணக்கில் கிடைக்கும். அதுவும் உள்ளே பரவல் அடங்கியிருந்தால்தான். இலங்கை அப்படி மூடியது. 2020 ஒக்டோபர் தொடக்கம்வரை நாடு முழுவதும் மூவாயிரத்துச் சொச்சம் தொற்று, 13 மரணம். தீவுக்குக் கிடைத்த பெரிய சலுகை அது. பிறகு மினுவாங்கொடையில் ஒரு கொத்தணி வெடித்தது. 2021இல் டெல்டாத் திரிபு வந்தது. ஒமிக்ரோனுக்காகத் தென்னாபிரிக்கா முதலிய ஆறு நாடுகளின் பயணிகளை நவம்பர் கடைசியில் தடைசெய்தார்கள். டிசம்பர் 3ஆம் தேதி இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் ஒமிக்ரோன் நைஜீரியாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் இருந்தது. பட்டியலில் இல்லாத நாடு, மறுபடியும்.

கிடைக்கும் காலம் இலவசமல்ல. வீட்டுக்கு வர வழியில்லாமல் குவைத்திலும் டுபாயிலும் வேலையிழந்து நின்றவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். குவைத்திலிருந்து 2020 மே மாதம் கொண்டுவரப்பட்டவர்களில் ஏராளமானோருக்குத் தொற்று இருந்தது. நெருக்கியடித்த தங்குமிடங்களில் அவர்களை மாதக்கணக்கில் விட்டுவைத்ததும் அதற்கு ஒரு காரணம் இல்லையா? தாய் தகப்பனின் செத்தவீட்டைக் கனடாவிலிருந்து கைபேசித் திரையில் பார்த்தவர்களும் விலை கொடுத்தார்கள். கட்டுநாயக்க 2021 ஜனவரி 21இல் மறுபடி திறந்தது. பலாலிக்கு விமானம் திரும்பியது 2022 டிசம்பர் 12இல். நடுவில் இருந்த ஏறக்குறைய இரண்டு வருசத்தைக் கிருமியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஒன்றேகால் மணிப் பயணத்துக்குப் பதில் இரவு முழுக்க பஸ்ஸில் கட்டுநாயக்க போய் வந்த வடக்குப் பயணிகளுக்கு அந்த இரண்டு வருசமும் தொற்று வாய்ப்புக் கூடியதே ஒழியக் குறையவில்லை.

அடுத்த தொற்றுக்கு எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு அடைக்காமல், என்ன வருகிறது என்று பார்க்கும் வழிகள் இப்போது இருக்கின்றன. விமானக் கழிவறைத் தொட்டியின் நீரில் கிருமியின் மரபணுவைத் தேடலாம். அவுஸ்திரேலியர்கள் 2020இலேயே செய்து காட்டினார்கள், பின்னர் அமெரிக்காவும் எடுத்துக்கொண்டது. யாருடைய பெயரும் வேண்டாம், யாரையும் நிறுத்தவும் வேண்டாம். லண்டனிலிருந்தோ டோஹாவிலிருந்தோ கட்டுநாயக்கவுக்கு வரும் நீண்ட பறப்புகளுக்கு இது பொருந்தும். சென்னை – பலாலி விமானத்தில் கழிவறைக்குப் போகிறவர்களே குறைவு; அங்கே பலன் தராது. அதற்கு வேறு வழி: இறங்கும் பயணிகளில் விரும்பியவர்களிடம் மூக்குத் திரவம் எடுத்து, பலருடையதை ஒன்றாகச் சேர்த்துச் சோதிப்பது. அமெரிக்காவில் 2021 செப்டெம்பரில் இதைத் தொடங்கியபோது முதலில் எடுத்ததே இந்தியாவிலிருந்து வந்த விமானங்களைத்தான். 2020இலிருந்தே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் பீ.சீ.ஆர் செய்து பழகியவை. பலாலியிலிருந்து மாதிரியை அங்கே கொண்டுபோக ஒரு மணித்தியாலம் ஆகாது.

முடிவு வரும்போது பயணி ஆனையிறவும் மாங்குளமும் தாண்டி வீட்டுக்குப் போயிருப்பார். அவரைத் தேடிப் போய், முகாமுக்கு ஏற்றாமல், வீட்டிலேயே ஓர் அறையில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கச் சொல்லி, சாமான் வாங்கிக் கொடுக்க அயலில் ஒருவரை ஒழுங்குபண்ணவேண்டியவர் அந்தப் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். காட்டுப் பாதைகளில் கிராமம் கிராமமாக அலைவதற்கு அவருக்கு வேண்டியது ஒரு நல்ல மோட்டார்சைக்கிளும் தடையில்லாத எரிபொருளும், கூட ஒரு உதவியாளரும். விமானநிலையச் சுகாதாரத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்தச் செலவையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும்.